பப்ஸ் இருபது ரூபாய். அதில் உங்கள் பங்கு எவ்வளவு?

கூட்டம் வராமல் மூடப்படும் பேக்கரிகளைவிட, கூட்டம் இருந்தும் மூடப்படும் பேக்கரிகள்தான் என் கண்ணில் அதிகம் படுகின்றன. மாலை நான்கு மணிக்கு டீயும் பப்ஸுமாகக் கடை நிறைந்திருக்கும், கல்லாவில் பணம் புரளும். சில மாதம் கழித்துப் போனால் ஷட்டரில் ‘கடை வாடகைக்கு விடப்படும்’ என்று ஒட்டியிருப்பார்கள். விசாரித்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “வியாபாரம் நல்லாத்தான் போச்சு. பணம் எங்க போச்சுன்னுதான் தெரியல.”

அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட இயற்கணிதம் போதும். ஒரு பொருளின் விலை ‘வி’. அதைச் செய்ய ஆகும் சரக்குச் செலவு ‘செ’. விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு நாளைக்குக் கட்டாயம் ஆகும் நிலைச் செலவு ‘நி’. கையைக் கடிக்காமல் இருக்க நாளொன்றுக்கு விற்க வேண்டிய எண்ணிக்கை ‘எ’. அப்படியானால் எ × (வி − செ) = நி. கடை நடத்துபவர் தெரிந்துகொள்ள வேண்டிய சமன்பாடு இது ஒன்றுதான். இதை எழுதிப் பார்க்காமல் ஓவனுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போடுகிறார்கள்.

முதலில் ‘நி’யைச் சரியாக எழுத வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். மாத வாடகை 15,000 என்றால் நாளுக்கு 500. மாஸ்டருக்கு 1,000. கவுன்டரில் நிற்பவருக்கு 500. கரண்டும் கேஸும் 400. ஓவன் கடனின் தவணை 300. எல்லோரும் எழுதுவது இதுவரைதான். அதிகாலையில் மாவு பிசைவதிலிருந்து இரவு கல்லாவை எண்ணுவது வரை நிற்கும் உரிமையாளரின் கூலி எங்கே? அவருடைய மனைவி வந்து உட்காரும் நேரத்துக்கு என்ன கணக்கு? சொந்த உழைப்பை இலவசமாக எழுதிக்கொண்டு, வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் கணக்கு எந்த நாளும் நேராகாது. அதற்கு 800 எழுதுங்கள். மொத்தம் 3,500. வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை என்றால் மாதச் செலவை 30-ஆல் வகுக்காமல் 26-ஆல் வகுக்க வேண்டும்.

இனி ‘செ’. ஒரு பப்ஸுக்கு மைதா, மார்கரின், முட்டை, மசாலா எல்லாம் சேர்த்து 12 ரூபாய், விற்பது 20 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8 என்பார்கள். அது தவறு. நூறு போட்டு எண்பத்தைந்துதான் விற்றது, பதினைந்து ரிட்டர்ன் என்றால், செலவழித்தது 1,200, வந்தது 1,700. மிச்சமான 500-ஐ 85-ஆல் வகுத்தால் ஒரு பப்ஸுக்கு 5 ரூபாய் 88 காசு. எட்டு ரூபாய்க் கணக்கில் நாளுக்கு 438 பப்ஸ் விற்றால் கடை ஓடிவிடும். உண்மைக் கணக்கில் 595 விற்க வேண்டும். இந்த 157-தான் “எங்க போச்சுன்னு தெரியல” என்ற பணம். ரிட்டர்ன் சரக்கைத் தினமும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பல பொருள் விற்கும் கடைக்கு எண்ணிக்கைக்குப் பதிலாக ரூபாயில் கணக்குப் போடலாம். நூறு ரூபாய் விற்பனையில் ரிட்டர்ன் உட்பட சரக்குச் செலவு 60 என்றால் மிச்சம் 40. 3,500-ஐ 0.40-ஆல் வகுத்தால் 8,750. ஒரு நாளைக்கு இதற்குக் கீழே விற்றால் நட்டம். மைதாவும் எண்ணெயும் விலையேறி 60 என்பது 65 ஆகிவிட்டால் நாள் விற்பனை 10,000 ஆக வேண்டும். சரக்கு ஐந்து ரூபாய்தான் ஏறியிருக்கிறது, விற்பனையோ 1,250 ரூபாய் கூட வேண்டியிருக்கிறது. டீக்கடைகளுக்கு லைன் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே 25 சதவீதம் கமிஷன் கொடுத்தால் நூறுக்கு மிச்சம் வெறும் 15. லைன் விற்பனையையும் கடை விற்பனையையும் ஒரே கல்லாவில் கலந்தால் எது சோறு போடுகிறது, எது தின்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

இந்தக் கணக்கு வரி அலுவலகத்தோடும் சம்பந்தப்பட்டது. நாளுக்கு 8,750 என்றால் 360 நாளுக்கு 31.5 லட்சம். பொருள் மட்டும் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். ஆனால் மேசை நாற்காலி போட்டு டீ பரிமாறினால் அது உணவகச் சேவை. அப்போது வரம்பு 20 லட்சம். “எனக்கு நாற்பது வரை கவலையில்லை” என்று இருக்கும் டீ பேக்கரிக்காரர்கள், நட்டமில்லாமல் நடத்தினாலே வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். பிரெட்டுக்கு வரி இல்லை என்பதற்காக அதன் விற்பனையை மொத்தத்தில் சேர்க்காமல் விடுவதும் தவறு. வரி விலக்குள்ள விற்பனையும் வரம்புக் கணக்கில் சேரும்.

2025 ஜூலையில் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும். யூ.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து, பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைக்காரர்களுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. வரி விலக்குள்ள காய்கறி விற்றவர்களும் அதில் மாட்டினார்கள். எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரவு என்று பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டி நோட்டீஸ் அடிப்பது பொறுப்பான வேலையா என்று அதிகாரிகளைக் கேட்கத்தான் வேண்டும். அதே வேளையில், நண்பரிடம் வாங்கிய கைமாற்று, சீட்டுப் பணம், கடை விற்பனை எல்லாம் ஒரே கியூ.ஆர். கோடில் வந்து விழுந்தால், எது வியாபாரம், எது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி கியூ.ஆர். வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், அதில் குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வங்கி அறிக்கையை எடுத்து வியாபார வரவு, சொந்த வரவு, வரியில்லாப் பொருள் என்று மூன்றாகப் பிரித்து இணைத்து, பதில் சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். பதில் இல்லை என்றால் அதிகாரி போட்ட கணக்கே கணக்காகிவிடும்.

பதிவு செய்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை இணக்க வரித் திட்டம் உண்டு. உற்பத்தியாளருக்கு விற்பனையில் 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் சி.எம்.பி.-08 படிவத்தில் வரியைக் கட்ட வேண்டும். இந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது, உங்கள் மிச்சத்திலிருந்துதான் போகும். நூறுக்கு 40 மிச்சம் இருந்தால் 5 போய் 35. அதாவது நாள் விற்பனை மறுபடியும் 10,000. சொந்தமாக ஐஸ்கிரீம் தயாரிக்கிறவர்கள் இந்தத் திட்டத்தில் சேரவே முடியாது. நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே கணக்காளரிடம் எழுதி வாங்குங்கள். அரசுத் தளத்தில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வீதம் குறைந்ததால் பதிவும் வேண்டாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல.

வரிப் பதிவு மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் இல்லாமல் ஒரு பன்கூட விற்கக் கூடாது. அதற்குரிய பதினான்கு இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும். மின்னணு எடைத் தராசுக்கு ஆண்டு முத்திரை தேவை. இவற்றைத் தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை.

கடன் பாக்கி வேறு விவகாரம். விடுதிக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் பிரெட் போட்டுவிட்டு மாதக்கணக்கில் நடையாய் நடக்கிறவர்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. விகிதம் 6 என்றால் ஆண்டுக்கு 18. இந்த வட்டியைக் கேட்க, சிறுதொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு வேண்டும். அது இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். பதியும்போது தொழிலை ‘வணிகம்’ என்று போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ‘உற்பத்தி’யைத் தேர்ந்தெடுத்து, பேக்கரிப் பொருள் தயாரிப்புக்கான 1071 என்ற குறியீட்டைக் குறிக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடிப் போய்ப் பதிந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வாதாடும். முதல் லோடு போடும் முன்பே பதியுங்கள். சரக்கு இறக்கும்போது ஒவ்வொரு முறையும் டெலிவரி சீட்டில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்தச் சீட்டுகளையும் பில்லையும் வைத்துக்கொண்டு குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். வழிகாட்ட மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. அங்கே “அடுத்த வாரம் வாங்க” என்றால், மனுவைக் கொடுத்து முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடைசியாகக் கடன். ஓவன் வாங்க ‘ஃபிளாட் 12 சதவீதம்’ என்று நிதி நிறுவனம் சொன்னால், 1,20,000-க்கு இரண்டு ஆண்டு வட்டி 28,800, மாதத் தவணை 6,200. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போது முழு அசலுக்கும் வட்டி வாங்குவதால் உண்மை வீதம் 21-ஐத் தாண்டுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு சிறுதொழில் தவணைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வீதம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிறுதொழில் கடனில் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. கிளை மேலாளர் கேட்டால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் தண்டலுக்குப் போகிறார்கள். பத்தாயிரம் என்று எழுதி, கையில் 8,500 தருகிறார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்தைந்நூறு தானே” என்று தோன்றும். தினமும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாகக் கையில் இருந்தது அதில் பாதி, 4,250. அதற்கு நூறு நாள் வட்டி 1,500 என்றால் 35 சதவீதம். ஆண்டுக்கு மூன்றரை மடங்கு போட்டுப் பாருங்கள், 120-ஐத் தாண்டுகிறது. நூறுக்கு 40 மிச்சம் வைக்கும் எந்த பேக்கரியும் இதைத் தாங்காது.

தின வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாடு அநியாய வட்டி வசூலித்தல் தடைச் சட்டம் 2003-லேயே தடைசெய்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 வரை அபராதமும் உண்டு. வசூலுக்கு வந்தவர் மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அங்கே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், அதோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். மனுவில் வாங்கிய தேதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, தண்டல் அட்டையின் நகல் ஆகியவை இருக்கட்டும். தினம் கட்டும்போதே அட்டையைப் படம் எடுத்து வையுங்கள், தகராறு வந்தால் அவர்கள் முதலில் பிடுங்குவது அதைத்தான். தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், காசோலை எண்ணையும் யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் புகார் மனுவிலேயே எழுதுங்கள். வங்கிக்கும் அதன் நகலோடு தனிக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். காசோலை திரும்பி வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால், பணத்தைக் கட்டவோ பதில் சொல்லவோ பதினைந்து நாள்தான் இருக்கிறது.