பருவமறிந்து பேணல்

நுழையும்முன்

வீட்டுத் தோட்டத்து மரம் பட்டுப்போனால், பூச்சியையோ மண்ணையோ குறைகூறுவது வழக்கம். ஆனால், கவனிப்பின்மையால் மட்டுமே மரங்கள் படுவதில்லை; பருவம் தவறிய கவனிப்பாலும் படுகின்றன. மிகுதியான நீர், காலம் தவறிய வெட்டு, தேவையற்ற நஞ்சு ஆகிய மூன்றும் அன்பின் பெயரால் மரத்திற்கு இழைக்கப்படும் தீங்குகள்.

பொழுதும் மரமும்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். தோட்டத்தைப் பேணுவோர்க்கு இப்பகுப்பு இன்றும் வழிகாட்டுகிறது.

வேனிற்காலத்தில் மரத்தின் முதல் தேவை நீர். அதனை அடிமரத்தை ஒட்டி ஊற்றுவதால் பயன் குறைவு. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் கிளைகளின் நிழல் விழும் எல்லையை ஒட்டியே பரவியிருக்கும். ஆகவே, அவ்விடத்தில் வட்டப்பாத்தி அமைத்து நீர் பாய்ச்சுதல் வேண்டும். பாத்தியில் சருகுகளைப் பரப்பி மூடாக்கு இட்டால் ஈரம் விரைவில் வற்றாது. நாள்தோறும் சிறிது ஊற்றுவதைவிடச் சில நாள்களுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பதே சிறந்தது. அப்போதுதான் வேர் நீரைத் தேடிக் கீழிறங்கும்.

கார்காலம் கன்று நடுவதற்கும் தொழுவுரம் இடுவதற்கும் ஏற்றது. காய்ப்பு முடிந்த மாமரத்தில் காய்ந்த கிளைகளையும் நெருங்கி வளர்ந்த கிளைகளையும் இக்காலத்திலேயே கவாத்து செய்துவிட வேண்டும். மா, முதிர்ந்த கிளை நுனிகளில் பூப்பது. மார்கழியில் அக்கிளைகளை வெட்டுபவர், வரும் கோடையின் கனிகளையே வெட்டுகிறார். குண்டுமல்லியின் இயல்பு வேறு. நவம்பர் இறுதியில் அதனைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டினால், புதுத்தளிர்கள் தோன்றிக் கோடையில் மிகுதியாகப் பூக்கும்.

வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்காமல் வடியச் செய்தல் இன்றியமையாதது. வேர்களும் சுவாசிக்கின்றன, மண்ணின் காற்றறைகளை நீர் நிரப்பிவிட்டால் அவை மூச்சுமுட்டி அழுகும். புயலும் இக்காலத்திற்கு உரியது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் கடலூர்ப் பகுதியின் பலாவும் முந்திரியும் பெருமளவில் வீழ்ந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையின் சாலையோர மரங்கள் சாய்ந்தன. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டு வேரை நெருக்குவதும், ஒருபுறக் கிளைகளை மட்டும் வெட்டி மரத்தின் சமநிலையைக் குலைப்பதும் காற்றுக்கு மரத்தைப் பலியாக்கும் செயல்கள்.

அறிகுறியும் காரணமும்

இலை மஞ்சளானவுடன் உரமிடுவது பலரது பழக்கம். எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் நோக்க வேண்டும். முதிர்ந்த இலைகள் முழுமையாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு எனக் கருதலாம். இளந்தளிரில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நீர் தேங்கிய மண்ணிலும் இலை மஞ்சளாகும். அங்கு உரம் பயன் தராது.

மாவிலையில் கரும்படலம் படிந்தால் அதன் மூலம் பெரும்பாலும் பூச்சியே. தத்துப்பூச்சி போன்றவை சாற்றை உறிஞ்சி இனிய கழிவை வெளியேற்றுகின்றன. அதன்மீது கரும்பூஞ்சை வளர்கிறது. செம்பருத்தியில் எறும்புகள் சாரைசாரையாக ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறதா எனக் கிளைகளை ஆராய வேண்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போலத் தோன்றுவது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். சில புழுக்களைக் கையால் அகற்றினால் போதும், நஞ்சு தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்

பெரிய கிளையை வெட்டிய காயத்தில் போர்டோ பசையைத் தடவுவது வழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீரும் கலந்த இது, காயத்தின் வழியே பூஞ்சை நுழைவதைத் தடுக்கும்.

சிறு குளவி கற்பித்த பாடம்

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எனப் பரவியது. அதன் மெழுகுப்பூச்சு மருந்தை உட்புகவிடவில்லை. தாயகத்தில் அதனைக் கட்டுப்படுத்திய இயற்கை எதிரிகள் இங்கு இல்லை. எனவே, பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டு, 2010இல் வயல்களில் விடப்பட்டன. உழவரின் மருந்துத் தெளிப்பு சாதிக்காததை, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத அக்குளவி சாதித்தது. பூச்சியைக் கண்டவுடன் நஞ்சு தெளிப்பவர், தமக்குத் துணைநிற்கும் குளவியையும் பொறிவண்டையும் தேனீயையும் சேர்த்தே அழிக்கிறார்.

மரத்தைப் பேணுதல் என்பது ஓயாமல் ஏதேனும் செய்துகொண்டிருப்பதன்று. உற்று நோக்குதல், காரணம் அறிதல், உரிய பொழுதில் அளவோடு செயல்படுதல் என்பதே அதன் முறை. செய்யாதிருக்க வேண்டிய காலத்தை அறிந்து கைகளை அடக்கிக்கொள்வதும் பேணலின் ஒரு பகுதியே.