புலமைப்பரிசிலும் போட்டிப் பரீட்சையும்

1870ஆம் ஆண்டிலே, பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்றுக்கொண்டிருந்த பொன்னம்பலம் அருணாசலம் என்னும் இளைஞர், அரசாங்கம் அளித்த ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வென்றார். அதன் துணைகொண்டு கப்பலேறி, கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1875இலே இலங்கைச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வாயிலாகத் தெரிவான முதல் இலங்கையர் என்னும் பெருமையையும் அவரே பெற்றார். அக்காலத்திலே இந்நாட்டிற் பல்கலைக்கழகம் ஒன்றும் இருக்கவில்லை. உயர்கல்வி வேண்டியவன் கடல் கடக்க வேண்டும். கடல் கடக்கப் பொருள் வேண்டும். அருணாசலம் வறிய குடும்பத்தவர் அல்லர் என்பது உண்மையே. எனினும், பொருளில்லாத மாணவன் ஒருவனுக்குத் திறந்திருந்த வாயில் அத்தகைய பரிசில் ஒன்றாகவே இருந்தது. அவ்வாயிலோ மிக ஒடுங்கியது.

அவ்வாயிலால் உட்சென்றவரே அதனை அகலமாக்க முற்பட்டமை நினைவுகூரத்தக்கது. இலங்கைக்கெனத் தனியான பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் எழுந்த இயக்கத்துக்கு அருணாசலம் தலைமை தாங்கினார். 1921இலே பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கன்னங்கராவின் முயற்சியால் 1945இலே பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அன்றிலிருந்து, பல்கலைக்கழகத்திற் கிடைக்கும் ஓர் இடமே ஒரு புலமைப்பரிசில் ஆகிவிட்டது. 1981இலே தொடங்கிய மகாபொல உதவித்தொகை போன்றவை அதன்மேற் கிடைப்பன. ஆதலின், கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையை வெறுமனே சித்தியடைவதற்கான பரீட்சையாகக் கொள்வது தவறு. சித்தியடைந்தோர் எல்லோருக்கும் இடமில்லை. அது நாடு முழுவதும் ஒருசேர எழுதும் புலமைப்பரிசிற் பரீட்சை. அதற்கு ஆயத்தம் செய்பவன், அங்கே புள்ளிகள் எவ்வாறு நிறுக்கப்படுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். தராசை அறியாதவன் எதை நிறைய ஏற்றுவது, எதைக் குறையவிடாது காப்பது என்று எவ்வாறு தீர்மானிப்பான்?

இத்தராசின் வரலாறு கசப்பானது. 1970களின் தொடக்கத்திலே தரப்படுத்தல் என்னும் முறை புகுத்தப்பட்டபோது, பரீட்சையை எழுதிய மொழியின் அடிப்படையிற் புள்ளிகள் வேறுபடுத்தப்பட்டன. தமிழ்மொழியில் எழுதிய மாணவர் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குக் கூடிய புள்ளி பெறவேண்டியதாயிற்று. 1974இலே மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒரு தலைமுறையின் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் நாட்டின் அரசியல் வரலாற்றிலும் பதிந்துவிட்டது. இன்றைய முறையிலே மொழிக்கெனத் தனி அளவுகோல் இல்லை. பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் குடித்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா முதலியன அவ்வாறு பின்தங்கியவையாகக் கொள்ளப்பட்டவை.

இவ்வரிசையைத் தீர்மானிப்பது, 2001ஆம் ஆண்டளவிலே நடைமுறைக்கு வந்த இசட் புள்ளி. அதைக் கேட்டு அஞ்சுவோர் பலர். உண்மையில் அது பின்னக் கணக்கு அறிந்தவனுக்கு விளங்கக்கூடியதே. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியை எடுக்கின்றனர். மாணவனின் புள்ளி அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதென்று பார்க்கின்றனர். அவ்விலகலை, அப்பாடத்திற் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுக்கின்றனர். கிடைப்பது அப்பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்து, நான்கு தசமதானம் வரை தருகின்றனர். கடினமான பாடத்தை எடுத்தவனுக்கும் இலகுவான பாடத்தை எடுத்தவனுக்கும் இடையே நீதி செய்வதே இதன் நோக்கம்.

கணக்கை விளக்குவதற்காக எண்கள் சிலவற்றைக் கற்பனை செய்துகொள்வோம். இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் சராசரி 40, நியம விலகல் 20. இரசாயனவியலிலே சராசரி 50, நியம விலகல் 10 என்க. மாணவி ஒருத்தி கணிதத்தில் 90, பௌதிகவியலில் 70, இரசாயனவியலில் 45 பெறுகிறாள். அவளுடைய தோழியோ 70, 70, 65 பெறுகிறாள். இருவருக்கும் மொத்தம் 205 தான். பழைய முறைப்படி இருவரும் சமம். இசட் புள்ளியைக் கணித்தால், முன்னவளுக்குக் கணிதத்தில் 2.5, பௌதிகவியலில் 1.5, இரசாயனவியலிலே சராசரிக்குக் கீழ் வீழ்ந்தமையால் எதிர்ப்பெறுமானமாக 0.5, சராசரி 1.1667. பின்னவளுக்கு மூன்றிலும் 1.5, சராசரி 1.5. மிகச் சிறிய இடைவெளியிற் கூட மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் கைநழுவிப் போகும் நாட்டிலே, இவ்விருவருக்கும் இடையிலுள்ளது பெரும் தூரம்.

எல்லோரும் நெருங்கி நிற்கும் பாடத்திலே ஒவ்வொரு புள்ளியும் கனமானது; அங்கே பின்தங்குபவன் பலருக்குப் பின்னால் தள்ளப்படுகிறான். எந்தப் பாடம் அவ்வாண்டிலே அவ்வாறு நெருங்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். ஆதலின், விருப்பமான பாடத்தில் 90ஐ 95 ஆக்க உழைப்பதிலும், வெறுத்து ஒதுக்கிய பாடத்தில் 45ஐ 60 ஆக்க உழைப்பது பெரும்பாலும் எளிது, பயனும் கூடியது. அன்றியும், மூன்று பாடங்களிலும் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையிலே குறைந்தது 30 புள்ளிகளும் பெறாதவனுடைய இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்ததாயினும் அனுமதிக்கு உதவாது.

புறக்கணித்த பாடம் என்ன செய்யும் என்பதற்குக் கும்பகோணத்து இராமாநுசனின் இளமையே போதிய சான்று. கணிதத்தில் நிகரற்ற திறமை காட்டியதால், 1904இலே அந்நகர அரசினர் கல்லூரியில் அவருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. கணிதத்திலேயே மூழ்கி ஆங்கிலம் முதலியவற்றைக் கைவிட்டமையால் விரைவிலேயே அதை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், 1907இலே கலைமாணிக்கு முந்திய பரீட்சையிற் சித்தியடைந்தாரில்லை. 1913இலே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் பரிசில் அளிக்கும் வரை, இடைப்பட்ட ஆண்டுகள் வறுமையிலும் எழுதுவினைஞர் வேலையிலும் கழிந்தன. பரீட்சை மேதையை அளக்கவில்லை என்று இதிலிருந்து வாதிடலாம், அவ்வாதம் சரியானதே. ஆனால் மேதையே எல்லாப் பாடமும் கேட்கும் பரீட்சையிற் கால் தடுக்கி வீழ்ந்தார் என்பதும் உண்மை. எல்லா மாணவருக்கும் ஒரு ஹார்டி கடிதத்துக்கு அப்பாற் காத்திருப்பதில்லை.

இனி, ஆயத்தம் செய்யும் முறையைப் பார்ப்போம். பெரும்பாலான மாணவர் படிப்பதென்று கருதுவது, குறிப்பேட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதையே. வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகிப்போகிறது. பழகியதை அறிந்ததாக மனம் மயங்குகிறது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் றோடிகர், காப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதி மாணவர் பாடத்தைத் திரும்ப வாசித்தனர். மறுபகுதியினர் வாசித்தபின் ஏட்டை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவரே முன்னின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. நினைவிலிருந்து எழுதியவரே நன்கு முன்னின்றனர். பரீட்சை ஐந்து நிமிடத்தின் பின் வருவதன்று. ஆகவே, ஒரு பாடப்பகுதியைக் கற்றதும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் அதையே செய்தல் வேண்டும். இது கசப்பான முறை. மறந்தவை எல்லாம் கண்முன் வந்து நிற்கும். அதனாலேயே பலர் இதனை விட்டுவிடுகின்றனர்.

கடந்தகால வினாத்தாள்கள் இதற்குச் சிறந்த துணை. ஆயின் அவற்றை விடையோடு சேர்த்து வாசிப்பவன் அவற்றின் பயனைப் பாழாக்குகிறான். மணிக்கூட்டை முன்வைத்து, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல இருந்து எழுத வேண்டும். பௌதிகவியல், இரசாயனவியல் முதலியவற்றின் முதலாம் வினாத்தாளிலே 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 விநாடியுமே. இணைந்த கணிதத்திலே ஒவ்வொரு வினாத்தாளுக்கும் 3 மணித்தியாலம். பகுதி அ இல் 10 சிறுவினாக்களும், பகுதி ஆ இல் ஏழில் ஐந்து பெருவினாக்களும் செய்ய வேண்டும். சிறுவினா ஒன்றுக்கு 25 புள்ளி, பெருவினாவுக்கு 150 புள்ளி என்னும் விகிதப்படி காலத்தைப் பங்கிட்டால், முன்னதற்கு நாலரை நிமிடமும் பின்னதற்கு 27 நிமிடமும் வருகின்றன. முதலாவது சிறுவினாவோடு இருபது நிமிடம் மல்லாடிய மாணவன், விடையைக் கண்டுபிடித்தாலும் தோற்றவனே. இந்தக் கணக்கை மனத்தில் அல்ல, கையிற் பதியவைத்தல் வேண்டும். அதற்கு இருபது முப்பது முறையாவது காலம் வைத்து எழுதிப் பழக வேண்டும்.

எழுதியபின் திருத்துவது எவ்வாறு? பரீட்சைத் திணைக்களம் புள்ளியிடும் திட்டங்களையும், பரீட்சார்த்திகள் எவ்வாறு விடையளித்தனர் என்பதைக் கூறும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிட்டு வந்துள்ளது. எந்தப் படிக்குப் புள்ளி, எந்த அலகை எழுதாமையால் இழப்பு, எந்த வினாவை மாணவர் பிழையாக விளங்கிக்கொண்டனர் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. விலை கொடுத்து வாங்கும் ஊகவினாக் கொத்துக்களை மனனஞ்செய்யும் மாணவர் பலர் இவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. ஊகம் பலித்தால் ஓராண்டு. பொய்த்தால் அதுவும் ஓராண்டு.

தனியார் வகுப்புகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. நல்லாசிரியர் ஒருவரிடம் விளங்காத பகுதியைக் கேட்டறிவது பயன் தரும். ஆனால் காலையிற் பாடசாலை, மாலையில் ஒரு வகுப்பு, இரவில் இன்னொன்று, வார இறுதியில் மேலும் மூன்று என்று ஓடும் மாணவனுக்குத் தனியே இருந்து எழுதிப் பார்க்க நேரம் எங்கே? கேட்டல் எல்லாம் கற்றல் ஆகிவிடாது. நகரத்து மாணவன் பேருந்திற் கழிக்கும் பொழுதை, வகுப்புக்குச் செல்ல வசதியற்ற மாணவி எழுதுவதிற் செலவிடுவாளாயின், அவள் நினைப்பதைப்போல அவள் அவ்வளவு பின்தங்கியவள் அல்லள். மலைநாட்டு லயக் காம்பரா ஒன்றிலே, வீட்டார் உறங்கியபின் கிடைக்கும் இரண்டு மணித்தியாலமே அவளுடைய மூலதனமாக இருக்கலாம். அவ்விரண்டு மணித்தியாலத்தையும் வாசிப்பதில் அன்றி எழுதுவதிற் செலவிடுதல் அவளுக்கு மிகவும் இன்றியமையாதது. வீட்டார் அவளுக்குச் செய்யக்கூடிய பேருதவி, அந்நேரத்தில் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுதலே. இதனை வானொலி வாயிலாகச் சொல்ல நேர்வது வேடிக்கைதான்.

முதன்முறை போதிய புள்ளி கிடையாவிடின் மீண்டும் எழுதலாம். அனுமதிக்காக மூன்று முறை தோற்ற விதிகள் இடமளிக்கின்றன. மீண்டும் எழுதுவதா என்பதைக் கண்ணீர் காயுமுன் தீர்மானித்தல் நன்றன்று. பாடவாரியான பெறுபேற்றைப் பார்த்தல் வேண்டும். ஒரு பாடம் மட்டும் இழுத்து வீழ்த்தியிருப்பின், ஓராண்டு உழைப்பு அதனைத் தூக்கிவிடக்கூடும். மூன்றும் தாழ்ந்திருந்தால், அதே முறையில் இன்னோராண்டு படிப்பதால் என்ன மாறும் என்று பெற்றோரும் பிள்ளையும் மனந்திறந்து பேச வேண்டும். பெறுபேறே பிழையாகக் கணிக்கப்பட்ட காலமும் உண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் எழுதியபோது, இரு தொகுதியினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012இலே உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லாதென்று தீர்த்தது. வேறுபட்ட வினாத்தாள்களை எழுதியோருக்கு ஒரே சராசரியை வைத்தல் பொருந்தாது என்பதை மாணவரும் பெற்றோருமே வழக்காடி நிலைநாட்டினர்.

பரீட்சைக்கு முந்திய வாரத்திலே புதிய பகுதி எதையும் தொடங்காமல், ஏற்கெனவே எழுதிய வினாத்தாள்களில் தவறியவற்றை மட்டும் மீண்டும் செய்தல் போதும். உறக்கத்தைக் குறைத்துப் பெறும் இரண்டு மணித்தியாலம், மறுநாட் காலையில் மண்டபத்திலே மும்மடங்காக அறவிடப்படும். அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனா, மணிக்கூடு ஆகியவற்றை முதல்நாள் இரவே எடுத்து வைத்தல் வேண்டும். மண்டபத்திலே வினாத்தாள் கைக்கு வந்ததும், தெரிவுள்ள பகுதியை முழுவதும் வாசித்து, செய்யப்போகும் வினாக்களுக்கு அடையாளமிட்டு, சுட்டெண்ணைச் சரியாக எழுதி, நன்கு தெரிந்த வினாவிலிருந்து தொடங்கலாம்.