குப்பைக்குப் போகும் கனியின் சத்து

மாம்பழப் பருவம் வந்துவிட்டால் சாவகச்சேரிச் சந்தையின் தோற்றமே மாறிவிடுகின்றது. தென்மராட்சியின் வளவுகளில் விளைந்த கறுத்தக்கொழும்பானும் பலாவும் குவிகின்றன. வரத்து மிகும்போது விலை சரிகின்றது, விலைபோகாதவை அழுகுகின்றன. பழச்சாறு, ஜாம் செய்வோர் சதையை எடுத்துக்கொண்டு தோலையும் கொட்டையையும் வீசிவிடுகின்றனர். இனத்துக்கு இனம் வேறுபட்டாலும், பழத்தின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ இவ்வாறு கழிக்கப்படுகின்றது.

நட்டம் நிறையோடு முடிந்துவிடவில்லை. மாம்பழத்தின் பொலிபீனோல்கள் சதையைவிடத் தோலிலும் பருப்பிலுமே செறிந்திருக்கின்றன. தோலில் மங்கிபெரின் என்ற பொருளும், பருப்பில் தனின் வகைகளும் உள்ளன. இவை ஒட்சியேற்ற எதிரிகள். அதாவது, காற்றிலுள்ள ஒட்சிசனால் எண்ணெயும் கொழுப்பும் கெடுவதைத் தாமதப்படுத்துபவை. இதற்கு உதாரணம் தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. எளிதில் கெடக்கூடிய கொழுப்புகளை மிகுதியாகக் கொண்டிருந்தும் நல்லெண்ணெய் நெடுநாள் சிக்கு வாடையின்றி இருப்பதற்கு, எள்ளிலுள்ள செசமோல் முதலிய இயற்கைப் பொருள்களே காரணம்.

பெருந்தொழிற்சாலைகள் இதே பணிக்கு பி.எச்.ஏ., பி.எச்.ரி. என்னும் செயற்கைப் பொருள்களை நெடுங்காலமாகச் சேர்த்துவருகின்றன. அவை குறித்து நுகர்வோரிடையே ஐயம் வளர்ந்ததால் இயற்கைப் பொருள்களுக்குக் கேள்வி பிறந்தது. ரோஸ்மேரி இலையின் சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் உணவுச் சேர்க்கையாக ஏற்றுக்கொண்டது. மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பையோ, சொக்கலேற்றில் சேர்க்கத்தக்க ஆறு தாவரக் கொழுப்புகளுள் ஒன்றாக 2000 ஆம் ஆண்டிலேயே அனுமதித்திருந்தது. நாம் வீசும் கொட்டைக்கு வெளியுலகில் இவ்வளவு மதிப்பு!

பிரித்தெடுக்கும் முறை மந்திரமன்று. ஆனால் விரைவு வேண்டும். சீவிய தோலைக் கிடக்கவிட்டால் அதிலுள்ள நொதியங்களே பொலிபீனோல்களைச் சிதைத்துக் கறுக்கச் செய்துவிடும். ஆகவே அன்றைக்கே சிறிது நேரம் ஆவியில் காட்டி, மிதமான சூட்டில் உலர்த்தி, தூளாக்கவேண்டும். அத்தூளை நீரும் எதனோலும் கலந்த கரைசலில் ஊறவைத்து வடித்து, தாழ்ந்த அமுக்கத்தில் எதனோலை ஆவியாக்கி மீட்டால் செறிந்த சாறு எஞ்சும். கடைசிப் படிக்குத்தான் ஆய்வுகூட வசதி தேவை. உலர்த்தித் தூளாக்குவதைக் கிராமத்துச் சிறுகைத்தொழிலே செய்யலாம். அத்தூளைப் பிஸ்கற் மாவில் சிறிதளவு கலந்தாலே பயனுண்டு.

ஆடி, ஆவணியில் மரத்தடியில் விழுந்து அழியும் பனம்பழமும் இத்தகையதே. பனங்களியின் மஞ்சள் நிறம் கரட்டினோயிட்டுகளால் ஆனது. அவை நீரில் கரையா, எண்ணெயில் கரைவன. எனவே முறை வேறு. பனை பற்றிய ஆராய்ச்சி நிறுவனம் அயலிலுள்ள கைதடியிலேயே இருக்கையில், மாந்தோலையும் பனங்களியையும் ஒன்றாகக் கவனிக்கும் முயற்சி தென்மராட்சியில் தொடங்குவதே பொருத்தம் என்பது எமது கருத்து.

இரு எச்சரிக்கைகளையும் சொல்லியாகவேண்டும். பூச்சிகொல்லி தெளித்த பழமாயின் நஞ்சின் எச்சம் பெரும்பாலும் தோலிலேயே தங்கும்; சோதிக்காத தோலை உணவில் சேர்த்தல் தகாது. மற்றையது, இவற்றைச் சர்வரோக நிவாரணியாக விற்கும் ஆசை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994 இல் வெளியானது. பீற்றா கரட்டின் மாத்திரை உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடியிருந்தது. பழத்தை உண்பது வேறு, அதன் ஒரு கூற்றைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு. உணவு கெடாமற் காக்கும் பொருள் என்ற அளவிலேயே இதற்குப் போதிய சந்தை உண்டு.

தோலும் கொட்டையும் ஏனைய குப்பையோடு கலந்துவிட்டால் எந்த ஆய்வுகூடத்தாலும் மீட்க இயலாது. ஆகையால், வரும் பருவத்திலேயே சந்தையிலும் பழச்சாறு நிலையங்களிலும் அவற்றுக்கெனத் தனித் தொட்டிகளை வைத்து, மாலைக்குள் அகற்றும் ஒழுங்கை நகரசபை செய்துதரவேண்டும்.