கால் கடுக்க ஒரு கொடை

நோயாளிகளுக்காக நிதி சேர்க்கவென்று சிலர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடக்கிறார்கள், துவிச்சக்கரவண்டி மிதிக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது, நம்மில் பலருக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. உதவ விரும்புகிறவர் பணத்தை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே, இந்த உடல் வருத்தம் எதற்கு? கேள்வி நியாயமானதுதான். நடப்பவர் இன்னும் ஓர் அடி கூடுதலாக வைப்பதால் எந்த நோயாளிக்கும் காய்ச்சல் இறங்கிவிடப் போவதில்லை.

விடை தேட நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு யூலை மாதம், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' என்ற பெயரில் ஒரு நடைபயணம் நடைபெற்றது. ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம், 27 நாட்கள். தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழுப்புவதே அதன் நோக்கம். போர் முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வடக்கில் புற்றுநோய் கண்டவர்களில் பலர் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகேயுள்ள மகரகம வரை, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போகவேண்டியிருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடுவதல்ல. கதிர்ச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் தொடரும். தங்க இடம் வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும், தெரியாத மொழியில் பேசிச் சமாளிக்க வேண்டும். வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலை வேறு. நோயைவிட அந்தப் பயணமே ஒருவரைச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடத் தூண்டக்கூடியது.

நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தூரம் என்பது நோயாளியின் சுமைகளுள் ஒன்று. ஒரு மாதம் வெயிலிலும் தூசியிலும் அந்தத் தூரத்தைக் காலால் அளந்து காட்டியபோது, பத்திரிகையில் இரண்டு வரிச் செய்தியாகப் போயிருக்கக்கூடிய ஒரு தேவை, வீதியோரத்தில் நின்றவர்களின் கண்முன்னே நடந்துபோயிற்று. வழிநெடுகப் பலர் தாமும் சேர்ந்து நடந்தார்கள். வைத்தியசாலையும் எழுந்தது. இன்றும் அதன் பெயரில் 'ட்ரெயில்' என்ற சொல் இருக்கிறது.

நல்ல சமாரியர் உவமையில் நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அடிபட்டுக் கிடந்தவரை அவர் தம்முடைய விலங்கின்மீது ஏற்றினார் என்று வாசிக்கிறோம். அப்படியானால் சாவடி வரையிலும் அவர் நடந்தே போயிருக்க வேண்டும் அல்லவா? இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தது மறுநாள்தான். மறையுரைகளில் அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்ட அளவுக்கு அந்த நடையைப் பற்றி நாம் கேட்டதில்லை.

நடைபயணம் நம் மக்களுக்குப் புதியதும் அல்ல. மடுத்திருப்பதிக்குக் காட்டுவழியே கால்நடையாகப் போன தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். ஆனால் நேர்த்திக்கடன் நடையைப் பெரும்பாலும் நம் வீட்டுக் குறைக்காகவும் நம் பிள்ளையின் சுகத்துக்காகவுமே நேர்கிறோம். முகம் தெரியாத ஒருவருக்காக அதே காலை எடுத்து வைப்பது, பழகிய பாதையில் இன்னும் சிறிது தூரம் போவது போன்றது.

விரும்பி இறங்குகிறவர்கள் முதலில் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 670 கிலோமீற்றரை 27ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். சுகதேகியான ஒருவருக்கு ஒரு நாள் 25 கிலோமீற்றர் பெரிய காரியமல்ல. வீங்கிய காலோடு மறுநாள் காலையில் எழுந்து மீண்டும் 25 கிலோமீற்றர், அதற்கு மறுநாளும் அப்படியே என்பதுதான் சோதனை. ஆகவே பயிற்சியும் அதற்கேற்பவே அமைய வேண்டும். வாரத்துக்கு வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பின்னர் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட நடை நடந்து பார்க்க வேண்டும். களைத்த காலோடு நடப்பது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பலரைப் பாதிவழியில் நிறுத்துவது நெஞ்சுரம் இல்லாமை அல்ல, கொப்புளம்தான். சூடு, ஈரம், உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கொப்புளம் வரும். புதுச் சப்பாத்தோடு புறப்படுவது அதை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். பழகிய சப்பாத்து, ஈரமானவுடன் மாற்ற வேறு காலுறை, எங்காவது எரிவு தொடங்கியதும் அந்த நிமிடமே நின்று ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்டர் இருந்தால் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். புண் ஏற்பட்டாலும் தெரியாது. அவர்கள் வைத்தியரைக் கேளாமல் இறங்கவே கூடாது.

துவிச்சக்கரவண்டியின் துன்பம் வேறு வகை. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். கைபிடியில் உடற்பாரம் முழுவதையும் சாய்த்தால் விரல்கள் மரத்துப்போகும். இருக்கையில் உரசி உண்டாகும் புண்ணைப் பற்றி யாரும் வெளியில் சொல்வதில்லை, ஆனால் எல்லாரும் அறிவார்கள்! நம் வெயிலில் இரு சாராருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கமும் குழப்பமும் வரலாம். உப்பிட்ட கஞ்சியோ ஜீவனி கரைசலோ இடையிடையே குடிப்பது நல்லது.

யார் வேகத்தில் போவது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டிய ஒன்று. ஹொங்கொங்கில் 1981ஆம் ஆண்டு கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கி, 1986 முதல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட 'ட்ரெயில்வோக்கர்' என்ற நடையில், நால்வர் கொண்ட குழுவாக 100 கிலோமீற்றரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். பலசாலி ஒருவர் முன்னே ஓடிப் போய்ப் பயனில்லை. நம் பங்கு இளைஞர்கள் இதை ஒரு முறையாவது செய்து பார்க்கட்டும். ஒன்றிப்பைப் பற்றி நாம் நடத்தும் பல கருத்தரங்குகளைவிட நன்றாக விளங்கும்.

இனிப் பணம். இதில்தான் நல்ல முயற்சிகள் பல கெட்டுப்போகின்றன. தூர தேசத்து மலையேற்றம் ஒன்றுக்கு அறப்பணி என்று பெயர் சூட்டி, விமானச் சீட்டையும் விடுதிச் செலவையும் கொடையாளர் பணத்திலேயே கழித்துக்கொண்டால், அங்கே கொடையாளர் கொடுத்தது உல்லாசப் பயணத்துக்குத்தான். நேர்மாறான ஒரு முன்மாதிரி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் நடைபெறும் 'பான்-மாஸ் சலஞ்ச்'. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 பேரோடு தொடங்கிய மிதிவண்டிப் பயணம் அது. அதன் நீண்ட பாதை, இரண்டு நாளில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைச் சேர்ப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். சேராவிட்டால் மீதியைத் தம் பையிலிருந்தே கட்ட வேண்டும். 2007 முதல் பயணிகள் சேர்க்கும் தொகை முழுவதும் புற்றுநோய் ஆய்வுக்கும் சிகிச்சைக்குமே போகிறது. நடத்தும் செலவுக்கு வேறு வழியில் பணம் தேடுகிறார்கள். இந்த அளவுக்கு நம்மால் முடியாதுதான். ஆயினும் உணவும் வாகனமும் யார் செலவில் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடவும், முடிந்தபின் வரவு செலவை ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடவும் நம்மால் முடியும். யாராவது உண்டியலோடு வந்தால், கொடுக்கும் முன் இவற்றைக் கேட்பதற்கு நாமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

'ட்ரெயில்' 2011உடன் நின்றுவிடவில்லை. 2016ஆம் ஆண்டு அதே நாட்டை மறுதிசையில் கடந்தார்கள். இம்முறை புறப்பட்ட இடம் பருத்தித்துறை, சேர்ந்த இடம் தெய்வேந்திரமுனை, எடுத்தது 28 நாட்கள். நிதி சேர்த்தது தெற்கே காலி, கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோயாளருக்காக.