கால் சுளுக்கினால் என்ன செய்வது?

நினைத்துப் பாருங்கள். இன்று சனிக்கிழமை. நீங்கள் ஒஸ்லோவில், ரொம்சோஸ் மைதானத்தில் உதைபந்து விளையாடுகிறீர்கள். பந்தைத் துரத்தி ஓடும்போது உங்கள் கால் மடங்குகிறது. கணுக்கால் வலிக்கிறது. ஆனால் அடுத்த கிழமை போட்டி இருக்கிறது! ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்கு வருகிறீர்கள்.

"என்ன பிள்ளை, நொண்டுறாய்?"

"ஒண்டும் இல்லை அம்மா."

"சப்பாத்தைக் கழட்டு, பாப்பம். ஐயோ, வீங்கிப் போச்சே! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அடுத்த கிழமை விளையாட விடமாட்டினம்."

அம்மம்மா எழுந்து வருகிறார். "இஞ்ச வா குஞ்சு, எண்ணெய் பூசி உருவி விடுறன்."

"இப்ப வேண்டாம் அம்மா. முதல்ல ஐஸ் வைப்பம்" என்கிறார் அம்மா.

யார் சொல்வது சரி?

உள்ளே நடப்பது என்ன?

நமது எலும்புகளை உறுதியான நார்கள் கயிறு போலக் கட்டி வைத்திருக்கின்றன. கால் மடங்கும்போது இந்த நார்கள் அளவுக்கு மேல் இழுபடும். சில வேளை கிழியும். அதுதான் சுளுக்கு. சிறிய இரத்தக் குழாய்களும் உடைவதால் கால் வீங்கும், நீல நிறமாகும். அந்த நேரத்தில் அழுத்தி உருவினாலோ, சூடு கொடுத்தாலோ வீக்கம் கூடலாம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அம்மம்மாவின் எண்ணெய் போத்தல் அலுமாரியில் இருக்கட்டும்!

உடனே செய்ய வேண்டியவை

1. விளையாட்டை நிறுத்துங்கள்.
2. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தோலில் நேரே வைக்க வேண்டாம்.
3. மீள்துணியால் கணுக்காலைச் சுற்றிக் கட்டுங்கள். விரல்கள் விறைக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.
4. படுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.

காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லையா? எலும்பைத் தொட்டால் கடுமையாக வலிக்கிறதா? அப்படியானால் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகளின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் பகுதி மென்மையானது. சுளுக்கு என்று நினைப்பது எலும்புக் காயமாகவும் இருக்கலாம். நோர்வேயில் அவசர மருத்துவரை அழைக்கும் இலக்கம் 116117.

பொறுமையும் ஒரு பயிற்சி

வலி குறைந்தவுடன் மைதானத்துக்கு ஓடக் கூடாது. முதலில் நடை. பிறகு மெதுவான ஓட்டம். பிறகு ஒற்றைக் காலில் துள்ளுதல், திரும்பி ஓடுதல். எல்லாம் வலியில்லாமல் முடிந்தால்தான் போட்டி. சுளுக்கிய கால் சமநிலையை இழந்திருக்கும். அதனால் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள்.

நோர்வேயின் புகழ்பெற்ற உதைபந்து வீராங்கனை ஆடா ஹெகர்பெர்க் 2018இல் பலோன் டோர் விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2020 ஜனவரியில் அவருடைய முழங்காலின் முக்கிய நார் கிழிந்தது. ஏறக்குறைய 20 மாதங்கள் அவர் விளையாடவில்லை. 2021 ஒக்டோபரில் திரும்பி வந்தார். 2022 மே மாதம், ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லியோன் அணிக்காகக் கோல் போட்டார். அவருடைய அணி வென்றது.

வருமுன் காப்போம்

ஒஸ்லோவில் சொங்ஸ்வான் ஏரிக்கு அருகே நோர்வே விளையாட்டு உயர்கல்லூரி இருக்கிறது. அங்குள்ள விளையாட்டுக் காய ஆய்வு மையம் ஓர் ஆய்வு செய்தது. அதன் முடிவு 2005இல் வெளிவந்தது. ஹான்ட்போல் விளையாடும் 120 கழகங்களைச் சேர்ந்த 1837 இளையோர் அதில் பங்குபற்றினர். பாதிக் கழகங்கள் பயிற்சிக்கு முன் 15 முதல் 20 நிமிடம் உடலைச் சூடாக்கும் பயிற்சி செய்தன: ஓடுதல், சரியாகத் துள்ளி இறங்குதல், சமநிலை, கால் வலிமை. அவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன!

இனி மைதானத்துக்குத் திரும்புவோம். பயிற்றுநரிடம் உண்மையைச் சொல்வது கடினம்தான். ஆனாலும் சொல்லுங்கள்: "எனக்குக் கால் நோகுது. இந்தக் கிழமை விளையாட ஏலாது." ஒரு போட்டி போகலாம். கால் போகக் கூடாது. அடுத்த போட்டிக்கு அம்மம்மாவும் பார்க்க வருவார்.

புதிய சொற்கள்

சுளுக்கு – மூட்டின் நார்கள் இழுபடுதல்
சமநிலை – விழாமல் நிற்கும் நிலை
மீள்துணி – இழுத்தால் நீளும் கட்டுத் துணி

பேசுவோம்

1. கால் சுளுக்கியவுடன் ஏன் உருவக் கூடாது?
2. "ஒண்டும் இல்லை" என்று பிள்ளை ஏன் சொன்னது? நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?
3. சுளுக்குக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.