நன்றி சொன்னவர்களும் நலம் பெற்றவர்களும்

ரிச்சர்டு கிளார்க் கேபட் பாஸ்டன் நகரத்து மருத்துவர். உடற்கூறாய்வு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, நோயாளி உயிரோடு இருந்தபோது மருத்துவர்கள் கணித்த நோய் சரிதானா என்று ஒத்துப்பார்த்தவர். பல நோய்கள் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தன என்பதை 1910-களிலேயே வெளிப்படையாக எழுதியவர். மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905-இல் சமூகப் பணியாளரை அமர்த்தி, நோயாளியின் வீட்டுச் சூழலையும் கவனிக்கச் செய்தவரும் அவரே. 1931-இல் அமெரிக்கச் சமூகப் பணி மாநாட்டின் தலைமையுரையில், மருத்துவர்களிடம் கேட்டதையே சமூகப் பணியாளர்களிடமும் கேட்டார். நீங்கள் செய்யும் உதவி பலிக்கிறதா, அதைச் சோதித்துப் பார்க்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது என்பதே அதன் சாரம்.

இளைஞர்களுக்கான திட்டங்களை எடைபோடும் முறை அந்தக் கேள்விக்குப் பிறகு அடியோடு மாறியிருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் நாம் கற்றது நிறைய. வழியில் நழுவவிட்டதும் உண்டு.

அன்று: ஆண்டறிக்கையே அளவுகோல்

1930-களில் அமெரிக்க நகரங்களில் சிறுவர் மன்றங்களும் சாரணர் படைகளும் கோடைக்கால முகாம்களும் பெருகியிருந்தன. அவை நன்றாக நடக்கின்றனவா என்பதற்கு ஆண்டறிக்கையே சாட்சி. எத்தனை சிறுவர்கள் வந்தார்கள், எத்தனை பேர் முகாமுக்குப் போனார்கள், எவ்வளவு செலவானது என்று அதில் எழுதியிருக்கும். கூடவே திருந்திய ஒரு பையனின் கதையும் இருக்கும். பெய்த மழையை அளந்துவிட்டு அதையே விளைச்சல் என்று எழுதிக்கொள்வது போன்ற கணக்கு இது. மன்றத்துக்கு வராமலே அந்தப் பையன் திருந்தியிருப்பானா என்று கேட்பார் இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வயது ஏற ஏறத் தாமாகவே நிதானப்படுகிறார்கள். அந்த இயல்பான வளர்ச்சியும் திட்டத்தின் வரவாகவே எழுதப்பட்டது.

கேபட் இதை மாற்ற நினைத்தார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரண்டு ஊர்களில், தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளிலிருந்து சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தொல்லை தருபவன் என்று பெயரெடுத்தவனும் இருந்தான், சாதுவானவனும் இருந்தான். வயது, குடும்பம், குணம் ஆகியவற்றில் ஒத்துப்போகும் இருவரை ஜோடியாக வைத்து நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்குத் திட்டத்தின் உதவி. மற்றவன் வழக்கம்போலத் தன் பாட்டுக்கு வளர்வான். 1939-இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டில் கேபட் இறந்துபோனார், திட்டம் நிற்கவில்லை.

ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். பாதிக்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 100 பேருக்கு மேல் மருத்துவ உதவியோ மனநல உதவியோ கிடைத்தது. நான்கில் ஒரு பங்கினர் கோடைக்கால முகாம்களுக்குப் போனார்கள். போர் வந்து, ஆலோசகர்கள் படையில் சேர, பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு வர, 1945-இல் திட்டம் முடிந்தது. சிறுவர்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உதவி கிடைத்திருந்தது. கடைசி வரை கணக்கில் நின்றவர்கள் 506 பேர். உதவி பெற்றவர் 253, பெறாதவர் 253.

எட்வின் பவர்ஸும் ஹெலன் விட்மரும் 1951-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். குற்ற வழக்குகளில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பலன் தாமதமாகத் தெரியவரலாம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சியது.

ஜோன் மெக்கார்டு என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார். 1970-களின் நடுவில், நடுத்தர வயதை எட்டிவிட்ட அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார். நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் புரட்டினார். 1978-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆலோசகர்களைப் பாசத்தோடு நினைவுகூர்ந்தவர்களும் இருந்தார்கள். பதிவுகள் வேறு கதை சொல்லின. மறுபடி குற்றம் செய்வது, குடிக்கு அடிமையாவது, தீவிர மனநோய், மன அழுத்தத்தால் வரும் உடல்நோய், இளமையிலேயே இறப்பது என்று பலவற்றிலும் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. எந்த ஒன்றிலும் அவர்கள் மேலான நிலையில் இல்லை.

நல்ல மனிதர்கள் அக்கறையோடு செய்த வேலை இது. அதனால்தான் இந்த முடிவு இன்னும் வலிக்கிறது. காரணத்தைத் தேடியவர்களுக்கு முகாம்கள் கண்ணில் பட்டன. ஒருமுறைக்கு மேல் கோடைக்கால முகாமுக்குப் போன சிறுவர்களிடம்தான் கேடு அதிகம் தெரிந்தது என்று 1999-இல் மெக்கார்டும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். வழிதவறும் வயதில் இருக்கும் பையன்களை ஒன்றாக வைத்தால், ஒருவன் அளக்கும் சாகசக் கதைக்கு மற்றவர்களின் சிரிப்பும் பாராட்டும் கிடைக்கும். ஆலோசகரின் அறிவுரையைவிட அந்தச் சிரிப்புக்கு வலு அதிகம். இந்த மனிதர்களின் இறப்புப் பதிவுகளை 72 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டபோது, இரு தரப்பின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இறப்பைப் பொறுத்தவரை, இடையில் தென்பட்ட கேடு முதுமை வரை நீடிக்கவில்லை என்பது ஆறுதல்.

பாடம் உடனே பரவிவிடவில்லை. மெக்கார்டின் கட்டுரை வந்த அதே 1978-இல் ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’ என்ற ஆவணப்படம் வந்தது. நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குப் பதின்வயதினரை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டிக் கத்தவைத்துத் திருத்தும் முயற்சி அதில் காட்டப்பட்டது. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பல மாநிலங்கள் இந்த முறையைப் பின்பற்றின. மிரட்டலுக்குப் போனவர்களைப் போகாதவர்களோடு ஒப்பிட்ட 9 ஆய்வுகளை அந்தனி பெட்ரோசினோவின் குழு பிற்பாடு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. போனவர்களே கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள். அதன் பிறகும் 2011 முதல் சில ஆண்டுகள் இதே முறை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. கண்ணீரோடு பேசும் ஒரு முகத்துக்கு இருக்கும் செல்வாக்கு அட்டவணைக்கு இல்லை.

இன்று: குலுக்கலும் பதிவேடும்

2012 கோடையில் சிகாகோ நகரம் ஒரு வேலைத் திட்டம் நடத்தியது. வன்முறை மிகுந்த பகுதிகளில் இருந்த 13 உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்களில் 1,634 பேர் விண்ணப்பித்தார்கள். இருந்ததோ 730 இடங்கள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்கு 8 வாரங்கள், வாரத்துக்கு 25 மணி நேர வேலை, குறைந்தபட்ச ஊதியம், கூடவே பெரியவர் ஒருவரின் வழிகாட்டல். எல்லோருக்கும் தர இடமில்லாதபோது குலுக்கலே நியாயமான பங்கீடு. அதுவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி செய்துவிடுகிறது. சாரா ஹெல்லர் 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு இது: 16 மாதங்களில், இடம் கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் பெரும்பகுதி 8 வார வேலைக்காலம் முடிந்த பிறகு ஏற்பட்டது. வேலை அவர்களைத் தெருவிலிருந்து விலக்கி வைத்ததால் மட்டும் வந்த பலன் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

மெக்கார்டு முப்பது ஆண்டு கழித்து, ஆளைத் தேடித் திரிந்து கண்டறிந்ததை இன்று பள்ளிப் பதிவேட்டையும் காவல்துறைப் பதிவேட்டையும் இணைத்து ஒன்றரை ஆண்டுக்குள் பார்த்துவிடலாம். தோற்ற திட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தவும் திருத்தவும் முடிகிறது. இது பெரிய முன்னேற்றம்.

அதே சிகாகோவில் பள்ளி நேரத்திலேயே நடக்கும் ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு. இருவரை ஜோடி சேர்த்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் 30 விநாடிக்குள் அதை வாங்கச் சொல்வார்கள். உடனே தள்ளுமுள்ளு தொடங்கிவிடும். பந்தைத் தரும்படி ஏன் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்று பிறகு வழிகாட்டி கேட்பார். அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன என்று தொடக்க ஆய்வுகள் காட்டின. திட்டம் பெரிதாக விரிந்தபோது அதே அளவு பலன் கிடைக்கவில்லை. ஓர் அறையில் பலித்தது நூறு அறைகளில் பலிக்க வேண்டுமானால், அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

அறைக்குள் பார்ப்பது

தரத்தை அளக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் மையங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் தந்துவந்தது. படிப்பில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று 2003-இல் ஓர் அறிக்கை வந்ததும், அதில் 40 சதவீதத்தை வெட்ட அரசு முன்மொழிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வெட்டு நிறைவேறவில்லை. அந்த அறிக்கை தந்தது சராசரி. சிறந்த மையமும் பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்த மையமும் அதில் ஒன்றாகக் கரைந்துவிட்டன.

ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் இருவரும் 2007-இல் 73 திட்டங்களைத் தரம் பிரித்துப் பார்த்தார்கள். படிப்படியாகக் கற்பித்து, பிள்ளைகளைச் செய்துபார்க்க வைத்து, போதிய நேரம் ஒதுக்கி, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பதில் தெளிவோடு இருந்தவை பலன் தந்தன. மற்றவற்றில் பலன் காணப்படவில்லை.

மிச்சிகனில் ஹைஸ்கோப் நிறுவனம் உருவாக்கிய தர மதிப்பீட்டுக் கருவி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பார். இடம் பாதுகாப்பானதா, பணியாளர் ஆதரவாக இருக்கிறாரா, பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்கிறார்களா, தாங்களே திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்துச் செய்ததைத் திரும்ப யோசித்துப் பார்க்கிறார்களா என்று நான்கு படிகளில் 1, 3, 5 என மதிப்பெண் இடுவார். பல மையங்கள் பாதுகாப்பில் நல்ல மதிப்பெண் பெறுகின்றன, மேல்படியில் சறுக்குகின்றன. பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், முடிவெடுக்கும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை. இந்தக் குறிப்புகளை வைத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் தரம் உயர்கிறது என்று 87 மையங்களில் நடந்த குலுக்கல் ஆய்வு 2012-இல் காட்டியது.

பெற்றதும் விட்டதும்

வேகத்தைப் பெற்றிருக்கிறோம், பொறுமையை விட்டிருக்கிறோம். மெக்கார்டு ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் பார்த்தார். அவன் குடித்தானா, எந்த வேலையில் இருந்தான், அந்த வேலையில் அவனுக்கு நிறைவு இருந்ததா என்றெல்லாம் கேட்டார். இன்றைய பதிவேட்டில் கைதும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. மன நிறைவுக்கு அதில் பத்தி இல்லை. 16 மாத ஆய்வில் நல்லதாகத் தெரிந்தது முப்பதாவது ஆண்டில் என்னவாகும் என்பதைக் காத்திருந்துதான் அறிய முடியும்.

பழைய ஆண்டறிக்கையும் ஒழிந்துபோகவில்லை. தலைக்கணக்கும் திருப்திப் படிவமும் இன்று செயலிக்குள் இருக்கின்றன, அவ்வளவே. கேம்பிரிட்ஜிலும் சாமர்விலிலும் மூன்றில் இரண்டு பங்கினர் திருப்தியோடுதான் இருந்தார்கள். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பது அவசியம், அதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து.

ஒரு பிள்ளையின் ஐந்து ஆண்டுகளை வாங்கிக்கொள்பவர்களுக்கு, அந்த ஆண்டுகள் அவனை என்ன செய்தன என்று தெரிந்துகொள்ளும் கடமை உண்டு. இதற்கான பணத்தை அரசும் கொடையாளரும் திட்டம் தொடங்கும் நாளிலேயே தனியாக ஒதுக்க வேண்டும். பலன் இல்லை என்று நேர்மையாக எழுதிய நிறுவனத்தின் நிதியை உடனே வெட்டக் கூடாது. திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். வெட்டிவிட்டால் அடுத்த நிறுவனம் உண்மையை எழுதத் துணியாது. அதன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.