உங்களுக்குத் தெரியுமா?

மைக்கேல் ஜோர்டனோடு சேர்ந்து சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணிக்கு ஆறு என்பிஏ கோப்பைகளை வென்று தந்த ஸ்காட்டி பிப்பென், கல்லூரிக்குள் நுழைந்தது வீரராக அல்ல. அணியின் உபகரணங்களைக் கவனிக்கும் உதவியாளராக!

• அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஹாம்பர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். 12 பிள்ளைகளில் கடைசி. பள்ளி முடித்தபோது உயரம் 6 அடி 1 அங்குலம்தான். எந்தக் கல்லூரியும் விளையாட்டு உதவித்தொகை தர முன்வரவில்லை.

• பள்ளிப் பயிற்சியாளர் பரிந்துரைக்க, 1983இல் மத்திய ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே 6 அடி 8 அங்குலம் வரை வளர்ந்துவிட்டார். உயரம் இயற்கை தந்தது. ஆனால் உயரம் குறைவாக இருந்தபோது பழகிய பந்தைத் தட்டிக் கடத்தும் லாகவம் அவரே உழைத்துப் பெற்றது. அந்த உயரத்தில் அப்படி ஆடுபவர்கள் அன்று மிக அபூர்வம்.

• முதல் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 4.3 புள்ளிகள். கடைசி ஆண்டில் 23.6!

• சிறு கல்லூரிகளுக்கான என்ஏஐஏ போட்டிகளில் ஆடியதால் வெளியுலகம் அவரைக் கவனிக்கவே இல்லை. ஆனாலும் 1987 என்பிஏ புதுமுக வீரர் தேர்வில் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டார். எடுத்தது சியாட்டில் அணி, அன்றே சிகாகோவுக்கு மாற்றியது.

• 1992, 1996 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்பிஏ பட்டம், ஒலிம்பிக் தங்கம் இரண்டும் அவர் கையில்.

• 2010இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இருமுறை இடம்பெற்றார்: தனி வீரராக ஒருமுறை, 1992 ஒலிம்பிக் அணியின் உறுப்பினராக ஒருமுறை.